ஏறியவர்: ஒன்று

திரையில் அந்தப் பேருந்து பச்சைப் புள்ளியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டி, மரக்கிடங்கைத் தாண்டி, ஏரிக்கரை நிறுத்தத்துக்கு வந்ததும் நின்றது. நின்றது நின்றதுதான். புள்ளி மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும்வரை அசையவில்லை. போக்குவரத்துக் கழகத்தின் மூன்றாவது மாடியில், புள்ளிவிவரப் பிரிவின் ஜன்னலோர மேசையில் இருந்தவள், பேனா மூடியைக் கடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஓடுகிற அத்தனை பேருந்துகளும் அவளுக்குப் புள்ளிகள்தான். நேரத்துக்கு ஓடினால் பச்சை, கொஞ்சம் பிந்தினால் மஞ்சள், அதற்கும் மேல் போனால் சிவப்பு. சிவப்பைப் பார்த்து அவளுக்கு என்றைக்கும் கோபம் வந்ததில்லை, அது வேலை. ஆனால் இந்தச் சிவப்புப் புள்ளியை ஓட்டிக்கொண்டிருந்தது அவள் வீட்டுக்காரர்.

காலாண்டு அறிக்கை தயாராகிற வாரம் அது. எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேருந்துகள் நேரத்துக்குப் போயின என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பிரிவே இருக்கிறது. முன்பெல்லாம் பேருந்துக்குள் ஆளை உட்காரவைத்துத் தலையை எண்ணச் சொல்வார்கள். இப்போது வண்டியில் நடத்துநர்கூடக் கிடையாது, கதவுக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கருவிதான் இருக்கிறது. அதன் கீழே தலை நுழைந்தால் எண்ணிவிடும். "ஏரிக்கரைத் தடம் மட்டும் மதியத்துல ஏம்மா இப்படிச் சறுக்குது? வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் எழுதிக் குடுங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தாமதம் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். சிக்னலா என்று பார்த்தாள், இல்லை. பாலத்து நெரிசலா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. கடைசியில் ஏரிக்கரையில் வந்து மாட்டியது. வீடு வாசல் இல்லாத இடம் அது. ஒரு நீரேற்று நிலையம், நீளமாக ஒரு சுவர், தண்ணீர், அவ்வளவுதான். அந்த இடத்தில் தினமும் கதவு திறக்கிறது, இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்தே கிடக்கிறது. ஏறியவர்: ஒன்று. மறுநாளும் ஒன்று. அதற்கடுத்த நாளும் ஒன்று. வீட்டுக்காரருக்கு ஓய்வு நாளென்றால் வேறு ஓட்டுநர் வருவார். அன்றைக்கு மட்டும் வண்டி அங்கே நிற்காமல் போயிருந்தது.

இத்தனைக்கும் பணிமனையில் அவருக்குப் பெயரே கடிகாரம். வண்டியை எடுக்கிற நேரத்தில் வாயில் ஈ போனாலும் துப்பமாட்டார், கதவைச் சாத்திவிட்டுத்தான் துப்புவார் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் இரண்டு கையிலும் பைகளோடு அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஓட்டுவது யார் என்று தெரிந்த தைரியத்தில் பையோடு சேர்த்துக் கையைத் தூக்கிக் காட்டினாள். கண்ணாடியில் அவள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அவர் கதவைச் சாத்தினார். வண்டி அவள் மூக்குக்கு முன்னால் புகையைக் கக்கிவிட்டுப் போனது. ராத்திரி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்குத்தான் பஸ். ஓடி வர்றவங்களுக்கு அடுத்த பஸ்" என்றார். அதை அவள் சொந்தபந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் நடித்தே காட்டியிருக்கிறாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெண்டாட்டிக்கே நிற்காத மனுஷன் வேறு யாருக்கு நிற்கப்போகிறார்?

இதோ, நிற்கிறார். அந்த ஒன்றுக்கு நிற்கிறார். இரண்டு மூன்று பேர் ஏறியிருந்தால் அவள் கண்டுகொண்டிருக்கவே மாட்டாள். தினமும் ஒன்று, ஒன்று என்று வந்த அந்த எண் மேல்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. அதற்கு ஒரு முகம் வைத்தாள். முதலில் நீரேற்று நிலையத்தில் வேலை பார்க்கிற, தலை நரைத்த அம்மாள் என்று வைத்துப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை. அடுத்த நாள் வயதைக் குறைத்தாள். வாரம் முடிவதற்குள் அந்த ஒன்றுக்கு நீளமான கழுத்து, அவசரமே இல்லாத நடை, படியில் கால் வைக்கும்போது "ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?" என்று கேட்கிற ஒரு குரல் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஏறியவள் எங்கே இறங்குகிறாள் என்று தேடினாள். அடுத்த நிறுத்தத்தில் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. கடைசி நிறுத்தத்திலும் ஒருவரும் இறங்கியதாகக் காட்டவில்லை. அங்கே வண்டி பத்து நிமிடம் ஓய்வுக்கு நிற்கும். காலி வண்டி. அதில் அவர், கூட அவள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"உங்க ரூட்ல மத்தியானம் கூட்டம் எப்படிங்க?" என்று தட்டு வைக்கும்போது கேட்டாள். குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"பாலம் தாண்டினா ஒரு ஈ காக்கா கிடையாது" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "காத்தை ஏத்திக்கிட்டுப் போறேன்."

"ஏரிக்கரையிலகூட யாரும் ஏற மாட்டாங்களா?"

ஒரு விநாடி அவர் கை நின்றது. ஒரு விநாடிதான். ஆனால் நிற்பதை அளப்பதுதானே அவள் பிழைப்பு. "அங்க யாரு இருக்கா ஏற?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்து போனார். பொய். கருவி பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்று அவள் பல்லைக் கடித்தாள். நாத்தனார் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். வழியில் தம்பியைப் பார்த்தாளாம், அதைச் சொல்வதற்கென்றே போன் செய்திருந்தாள். "என்னம்மா பண்ற அவனை? இந்த மூணு மாசமா மூஞ்சில ஒரு களை தெரியுது. சின்ன வயசுல இருந்த மாதிரி விசிலடிச்சுக்கிட்டுப் போறான்." அவள், "நான் ஒண்ணும் பண்ணலை அண்ணி" என்றாள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான். வீட்டுக்குள் அவர் விசிலடித்து அவள் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தாள். "அறிக்கை இன்னைக்குப் போகணுமேக்கா, காரணம் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் பக்கத்து மேசைப் பெண். "போன்ல சொல்றேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவள் என்ன கோலத்தில் போகவேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று தலையை அவிழ்த்து மறுபடி வாரினாள். வருஷக்கணக்கில் பைக்குள் கிடந்து உருகிப்போன உதட்டுச்சாயத்தைத் தேடி எடுத்துப் போட்டாள். எவளோ ஒருத்தி முன்னால் வாடிய முகத்தோடு போய் நிற்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள். வேறு தடத்துப் பேருந்தில் மரக்கிடங்குவரை போய், மீதித் தூரத்தை நடந்தாள். வெயில் உச்சியில் அடித்தது. நீரேற்று நிலையத்தின் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குழாய் தரைக்கு மேலே வளைந்து இறங்கியது. அதன் மறைவில் நின்றுகொண்டாள். நிறுத்தத்தில் யாரும் இல்லை. வருகிற நேரம்தான், எந்தப் பக்கமிருந்து வருகிறாள் பார்ப்போம் என்று கண் கொட்டாமல் சாலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள்.

யாரும் வரவில்லை. பேருந்துதான் வந்தது. சொல்லிவைத்த நேரத்துக்கு, கடிகாரத்தின் பேருந்தாகத்தான் வந்து நின்றது. முன்கதவு திறந்தது. உள்ளே ஒரு தலைகூட இல்லை. படியில் ஒரு கால் தெரிந்தது, பிறகு இன்னொரு கால். அவர்தான் இறங்கினார்.

இறங்கி, சுற்றுமுற்றும் பார்க்காமல் நேராகச் சுவருக்குப் போனார். இடுப்புயரச் சுவர். இரண்டு கையையும் ஊன்றி, உன்னி ஏறி, தண்ணீரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அவ்வளவுதான். சிகரெட் இல்லை, போன் இல்லை. காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். குழாய்க்குப் பின்னால் நின்றவளுக்கு அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பெண் பார்க்க வந்தபோதும், பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதும் அவர் முகத்தில் ஏதோ ஒரு பொறுப்பு இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, வாயைக் குவித்து மெல்ல விசிலடித்தார். பிறகு இறங்கி, பின்புறத்தைத் தட்டிக்கொண்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, படியில் ஏறினார். கதவு சாத்திக்கொண்டது.

ஏறியவர்: ஒன்று.

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் இறங்கி ஏறுவதைக் கழித்துவிடும்படி கருவியைப் பழக்கியிருந்தார்கள். நடுவழியில் ஓட்டுநர் இறங்குவார் என்று மூன்றாவது மாடியில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கழகத்துக்கு ஏறியவர்கள்தான் கணக்கு. இறங்கியவர்களுக்கு என்று பக்கத்திலேயே ஒரு கட்டம் உண்டு. மற்ற நிறுத்தங்களிலெல்லாம் அதைத் துருவிப் பார்த்தவள் இந்த ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் திறக்கவில்லை. திறந்திருந்தால் அங்கேயும் ஒரு ஒன்று உட்கார்ந்திருக்கும். இத்தனை நாளும் அவள் கழுத்து வைத்து, நடை வைத்து, குரல் வைத்து வளர்த்தது தன் வீட்டுக்காரரைத்தான்.

சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சிரிப்பு வரவில்லை. அப்பாடா என்றுகூட வரவில்லை. வயிற்று எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது, இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. ஒருத்தி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு, அழுது, அவரைச் சத்தியம் செய்யவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாம். சுவரோடு என்ன சண்டை போடுவது? அவளுக்காக ஒரு மூச்சுகூட நிற்காத வண்டியை மனுஷன் இதற்காக நிறுத்துகிறார். வீட்டில் இல்லாதது என்ன இங்கே இருக்கிறது என்று ஆத்திரமாக வந்தது. குழாய் மறைவிலிருந்து வெளியே வந்து சுவருக்குப் போனாள். தண்ணீர் இருந்தது. கரையில் நாணல் இருந்தது. அக்கரையில் ஏதோ பறவை. பார்க்க ஒன்றுமே இல்லை. சுவரில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று சுத்தமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் தூசி. பக்கத்தில் எவ்வளவோ இடம் கிடந்தது. அவள் உன்னி ஏறி, சரியாக அந்த வழவழப்பின் மேலேயே உட்கார்ந்தாள்.

பைக்குள் போன் அடித்தது. "அக்கா, மேலாளர் வந்து நிக்கிறார்" என்று பக்கத்து மேசைப் பெண் கிசுகிசுத்தாள். "ஏரிக்கரைக்கு என்ன காரணம் போடட்டும்?"

ஒரு வரி போதும். ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்குகிறார் என்று சொன்னால், திங்கட்கிழமை பணிமனையில் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்பார்கள். கடிகாரம் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். இந்தச் சுவரும் தண்ணீரும் அன்றோடு சரி. விசிலும் சரி. பிறகு மனுஷன் வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று அவள் அறிந்த ஆளாகவே இருப்பார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"ஆள் ஏற நேரமாகுதுன்னு போடு."

"டெய்லியுமா? ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான்."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களாக்கா?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "தெரிஞ்சவர்னுதான் நினைச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கடைசி நிறுத்தத்தில் ஓய்வு முடிந்து, அதே வண்டி இதே சாலையில்தான் திரும்பி வரும். அது அவளுக்குத் தெரியாததல்ல. இறங்கிப் போய்விடலாம், மறுபடி குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், இல்லை எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்று கை காட்டலாம். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். செருப்பு காலிலிருந்து நழுவிச் சுவருக்குக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. காற்றில் கலைந்த தலையைக் கையால் ஒதுக்கினாள். உதட்டுச்சாயம் பல்லில் ஒட்டியிருக்கும்போலத் தோன்றியது. நாக்கால் துழாவித் துடைத்துக்கொண்டாள். எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

சாலையின் வளைவில் பேருந்தின் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கையைத் தூக்கவும் இல்லை. இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, அந்த வழவழப்பான இடத்தில் கொஞ்சமும் மீதி இல்லாதபடி, இன்னும் நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.