கெட்டிக் கம்பி

சாம்பசிவனுக்குத் தஞ்சாவூர்த் தமிழ்தான் தமிழ். மற்றதெல்லாம் வெறும் இரைச்சல். மலையாளக் கரையில் கரமனைக்கு வந்து வருஷக்கணக்காகியும் மனுஷர் காதை மாற்றிக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்!

மகள் சூடாமணிக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. இந்த மதுரை இடமாவது அமையாதா என்று தவியாய்த் தவித்தார். வருகிறவர்களை மாடியில் உட்காரவைத்து, எலெக்ட்ரிக் விளக்கு வெளிச்சத்தில் பெண்ணைக் காட்டி அசத்திவிடுவதாகத் திட்டம். அதற்காகவே மாடிக்குத் தனியாக ஒரு ஃப்யூஸ் போர்டு வைத்தார்.

வயரிங் செய்த தாசையன் நெய்யாற்றின்கரைக்காரன். போர்டை மாட்டிவிட்டுப் பாடமும் சொன்னான். "மேலே மெலிஞ்ச கம்பி, கீழே மெயின்ல அதைவிடத் தடிச்சது. மேலே வல்ல குழப்பமும், கோளாறு ஏதும் வந்தா மேலே மட்டும்தான் அணையும். ஃப்யூஸ் போச்சுன்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு நல்லா கெட்டணும் சாமி. மறக்காதீங்க, நல்லா கெட்டணும்."

சூடாமணி கிட்டே நின்று கவனமாகக் கேட்டாள். அப்பாவோ வரப்போகும் சம்பந்தியம்மாள் வாயைப் பிளப்பதை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: நல்ல கெட்டி.

பெண் பார்க்கும் நாள் காலையில், ஆபீஸிலிருந்து இரவல் கொண்டுவந்த மேஜை விசிறியைப் போட்டதும் மாடி ஃப்யூஸ் படக்கென்று போயிற்று. விசிறி ஒயரை எலி கடித்திருந்தது. அதை யார் பார்த்தார்கள்? சாம்பசிவன் போர்டைத் திறந்தார். மயிரிழை மாதிரி ஒரு கம்பி அறுந்து கிடந்தது.

"இந்த நோஞ்சானை நம்பியா கல்யாணம் பேசறது?" என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தடித்த செம்புக் கம்பி ஒன்றை முறுக்கி மாட்டினார். மெயினை அணைத்தாரா என்பது அந்தப் பகவானுக்கே வெளிச்சம். ராகுகாலம் வந்துவிட்டதால் விசிறியை மறுபடி போட்டுப் பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் பிள்ளையோடு அவன் அம்மா மாடியேறி வந்து உட்கார்ந்தாள். "இந்த ஊர்ல காத்தே வராதா?" என்றாள். இதற்குத்தானே காத்திருந்தார்! விசிறியைத் தட்டினார். அது ஒரு தும்மல் தும்மியது. மாடி, கூடம், சமையலறை எல்லாம் ஒரேயடியாய் இருண்டது. மாடியில் கெட்டிக் கம்பி அசையவே இல்லை. கீழே மெயின் ஃப்யூஸ்தான் உயிரை விட்டிருந்தது.

"பொண்ணு பாக்க வந்தோமா, கண்ணாமூச்சி ஆட வந்தோமா?" என்றாள் அந்த அம்மாள்.

மூன்றாவதும் போச்சு என்று நினைத்துக்கொண்டார் சாம்பசிவன்.

சூடாமணி கீழே போய் மெயினை அணைத்துவிட்டு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிக்கேன் விளக்கோடு மேலே வந்தாள். விசிறியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். போர்டைத் திறந்தவள் திடுக்கிட்டாள். "அப்பா, இதை யார் மாட்டினா?"

"தாசையன்தானேடி கெட்டியா இருக்கணும்னான்!"

"ஐயோ அப்பா! கெட்டணும்னா இந்த ஊர்ல கட்டணும்னு அர்த்தம். மெல்லிசுக் கம்பியை இழுத்துக் கட்டச் சொன்னான். கீழே ஃப்யூஸ் போனதாலே பிழைச்சோம். இல்லேன்னா சுவத்துக்குள்ளே ஒயர் பத்திண்டிருக்கும்!"

பிள்ளை குபீரென்று சிரித்துவிட்டான். சூடாமணி மேலேயும் கீழேயும் உரிய கம்பியைக் கட்டி மெயினைப் போட்டாள். வீடு பளிச்சென்றது.

"பயமா இல்லையாடி உனக்கு?" என்றாள் பிள்ளையின் அம்மா.

"மெயினை அணைச்சுட்டா என்ன பயம் மாமி? அணைக்காம கை வெக்கறவாளைப் பாத்தாத்தான் பயம்."

எல்லாரும் சாம்பசிவனைப் பார்த்தார்கள். அவர் மோட்டுவளையைப் பார்த்தார்.

"எங்காத்துல ஆம்பளைகளுக்குக் குறைச்சலே இல்லை" என்றாள் அந்த அம்மாள். "வெளக்கு போனா அத்தனை பேரும் கூடி நின்னு போர்டையே வெறிச்சிண்டிருப்பா. பாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தையிலேயே முகூர்த்தம் பாருங்கோ."

சாம்பசிவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பியவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். தை பிறந்தால் பெண் மதுரையில் இருப்பாள்.

"சூடா, ஃப்யூஸ் போடறதை எனக்கு ஒருதரம் காட்டிக்குடேன்."

"எதுக்குப்பா? தாசையனைக் கூப்பிட்டா வந்துட்டுப் போறான்."

"அவன் வருவான். நீ வருவியாடி?" என்றார் அவர்.