ஏழு தீவுகளின் பல்லிகள்

போத்தனூர்க்காரர் ஜெரோம், கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியர். வங்கக்கடலின் ஏழு தீவுகளில், ஒரே மூதாதையின் வழிவந்த பல்லிகள் தீவுக்குத் தீவு வேறாக மாறியது எப்படி என்று அறிய, ஒரு தை மாதம் படகேறினார். குஞ்சுகளின் முதுகில் சாயப்பொட்டு வைத்துவிட்டு, தீவுகளிலேயே தங்கி, ஒரு மாதம் கழித்து எண்ணினார். ஆறாம் தீவில் பாம்புகள் உண்டு. அங்கே குட்டைக்கால் குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை; வேகமாக ஓடும் நெட்டைக்கால் குஞ்சுகள் தப்பியிருந்தன. இயற்கை எப்படிப் பொறுக்கியெடுக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்ட பூரிப்பில், மணலில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்.

துறைமுகம் திரும்பிய பிறகுதான் கைபேசிக்கு உயிர் வந்தது. மைத்துனன் ரூபனின் செய்தி: "பாப்பா போயிட்டா மாமா. ஒடனே வாங்க."

ஆறு வயது மகள் ஆஷ்லியை டெங்கு நாலே நாளில் கொண்டுபோயிருந்தது. அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

வீட்டில் மனைவி கிருபா அழவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, தாக்குப்பிடிக்கறது பொழைக்கும், மத்தது கழிஞ்சு போயிரும்னு பாடம் நடத்துவீங்களே. நம்ம பாப்பாவும் அப்படிக் கழிஞ்சதுதானுங்களா?"

"இல்ல கண்ணு. அது ஆயிரமாயிரம் உசுருகளோட கதை. அதுல நம்ம ஆஷ்லியப் பத்தி ஒண்ணுமே இல்ல. ஒரு கொசு கடிச்சுபோட்டுது. அவ்வளவுதான்."

"அவளப் பத்தி ஒண்ணுமே இல்லாததுக்கா அத்தன தூரம் போனீங்க?"

பிசைந்த சோற்றை அவரால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

மறுவாரம் கிருபா அவருடைய பயணக் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஆஷ்லியைப் புதைத்த தேதியில், 'குட்டைக்கால் இருபத்து மூன்றும் இல்லை. என் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நாள்' என்றிருந்தது.

"எனக்குத் தெரியாது அம்மணி" என்றார் ஜெரோம்.

"உங்க மேல தப்பில்லைங்க. ஆனா இதப் படிச்சுபோட்டு இந்த ஊட்டுல இருக்க என்னால ஆகாதுங்க."

ரூபன் வந்து அவளைக் கோபிசெட்டிபாளையத்துக்கு, தாய் வீட்டுக்கு அழைத்துப்போனான்.

பல்லிகளைப் பற்றி எழுதத் தொடங்கிய ஆய்வுக் கட்டுரையைக் கிழித்துப்போட நினைத்தார் ஜெரோம். முடியவில்லை, கண்டது உண்மை. எட்டு மாதத்தில் எழுதி முடித்தார். அது வெளிவந்தபோது பல ஊர்களிலிருந்து பாராட்டு வந்தது. ஒரு பிரதியைக் கிருபாவுக்கு அனுப்பினார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவளே கூப்பிட்டாள்.

"படிச்சேனுங்க. வெளங்குற மாதிரி எழுதியிருக்கீங்க."

"நான் அங்க வரட்டுமா கண்ணு?"



"வேண்டாங்க" என்றாள் கிருபா.