ராணியின் நாலு மணி அழுகை

நான் குழாய் வேலை செய்பவன். சுவருக்குள் கேட்கும் சத்தத்தை வைத்தே அடைப்பு எங்கே, கசிவு எங்கே என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான். அந்தப் பெருமைதான் என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண் ராஜ வம்சம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே. அவளுடைய அப்பாவின் தாத்தா நாற்பது அறைகளோடு அரண்மனை கட்டினார். பிறந்த வீட்டுக்கு ஏங்கி ஏங்கியே அவருடைய ராணி கண்ணை மூடினாள். அதன் பிறகு தினமும் மாலை நாலு மணிக்கு மாடிக் குளியலறைச் சுவருக்குள்ளிருந்து அழுகை கேட்க ஆரம்பித்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் விடிந்ததும் குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு பின்தெருவில் நாலு அறை வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அன்று பூட்டிய அரண்மனையில் அப்புறம் யாரும் குடியிருக்கவில்லை.

கூரையில் மரம் முளைத்தது. நடனக் கூடத்தில் புறாக்கள் குடும்பம் நடத்தின. ஆனால் பாழடைந்த அரண்மனை என்றால் ஜனங்களுக்கு ஒரு கிறக்கம். பளபளவென்று இருக்கும் வீட்டை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சுவர் பெயர்ந்து, நாற்காலிக்குக் கால் உடைந்து, உள்ளே ஓர் ஆவியும் இருந்தால் வரிசையில் நிற்பார்கள். என்னவள்தான் அவர்களைச் சுற்றிக் காட்டுவாள். கடைசியாகச் சரியாக நாலு மணிக்குக் குளியலறை. அங்கே எல்லோருக்கும் மயிர்க்கூச்செறியும்.

அவளுடைய அப்பாவைத் தெருவே 'ராஜா' என்றுதான் கூப்பிடும். வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பார். அந்த வாசலைத் தாண்டி அவர் ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. பயம். அவரிடம் நேரடியாகவே பெண் கேட்டேன். என் கையிலிருந்த ஸ்பேனரை மேலும் கீழும் பார்த்தார்.

"குழாய் வேலையா? எங்க வம்சத்துல இதுவரைக்கும்..." என்று இழுத்தவர், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க தம்பி, யோசிச்சு சொல்றேன்" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "அந்த அழுகை மட்டும் இல்லேன்னா எங்க நெலமையே வேற."

இதை நான் ஜாடை என்று எடுத்துக்கொண்டேன்.

அழுகையை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்தேன். எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கைதான் அரித்தது. அது காற்று. அந்தக் காலத்தில் ராணியின் மாலைக் குளியலுக்காக நாலு மணிக்கு மேல்தொட்டிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அவள் போன பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இதற்குள் குழாய் லேசாக விரிசல் விட்டிருக்க வேண்டும். தண்ணீர் ஏற ஏற, உள்ளே இருந்த காற்று அந்த விரிசல் வழியாகக் கத்திக்கொண்டு வெளியேறியிருக்கிறது. இப்போது தோட்டத்துக்கான தண்ணீரும் அதே குழாயில், அதே நாலு மணிக்கு வருகிறது.

"பழைய குழாயெல்லாம் பாக்கணும்" என்று அவளிடம் சாவி வாங்கினேன். சனிக்கிழமை காலையில் குளியலறையிலேயே ஒரு காற்று வால்வு மாட்டித் திறந்து வைத்தேன். காற்று இனி சத்தமில்லாமல் போய்விடும். மாமனாருக்கு என் பரிசு. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் வந்திருந்தார்கள். நாலு மணி. குளியலறையில் ஊசி விழுந்தால் கேட்கும். நாலு ஐந்து. நாலு பத்து.

"அம்மா, ராணி தூங்கிட்டாங்களா?" என்றது ஒரு குழந்தை.

என்னவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"என்ன பண்ணின?"

"சரி பண்ணினேன்."

"நாப்பது ரூம்லயும் கூரை ஒழுகுது. படிக்கட்டு ஆடுது. அதையெல்லாம் விட்டுட்டு அழுகையப் போய் சரி பண்ணியிருக்கியே! யாரு உன்னைக் கேட்டா? இனிமே இங்க யாரு வருவா?"

எனக்கு அசடு வழிந்தது. மறைக்கவும் வழியில்லை, கூட்டத்துக்கு உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கீழே போய் மெயின் குழாயை மூடி, உள்ளே இருந்த தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி திறந்தேன். மாடிக்கு ஓடி வால்வை மூடினேன். ராணி அழுதாள். திறந்தேன், நிறுத்தினாள். மூடினேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது.

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ராஜா! ராணி நேரம் தவறி, அதுவும் தவணை முறையில் அழுவதைக் கேட்டு, உள்ளே இருக்கும் மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடி வந்திருக்கிறார். மகள் நன்றாக நிற்பதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது.

"வெறும் காத்துதாம்ப்பா" என்றாள் அவள்.

வால்வின் கைப்பிடியைக் காட்டினேன். தொடவே தயங்கினார். பிறகு மூடினார். அழுகை. திறந்தார். நின்றது. நாலு முறை செய்து பார்த்தார்.

ஜன்னலுக்குப் போனார். கீழே பின்தெருவில் அவருடைய வீடு. கொடியில் இடமில்லாமல் துணிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

"அந்த நாலு ரூம்ல பதினோரு பேர் வளந்தோம்" என்றார். "கல்யாணம் ஆகற வரைக்கும் நான் அடுப்படியிலதான் படுத்தேன். காத்துக்குப் பயந்து!"

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அவள் பக்கத்தில் ஓடினாள். அவர் கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா அன்னிக்கே ஒரு குழாய்க்காரனுக்குப் பொண்ணு கொடுத்திருக்கணும்மா" என்றார். "அவர்தான் கொடுக்கல. நானாவது கொடுக்கறேன்."