மேல் கட்டத்தில் இருந்த வரி

10 பிப்ரவரி 1981, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். விஜயகுமாரியிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், அவள் பெயருக்கு நேராக, "படம் மட்டும் பார்க்கிறாள், எழுத்துத் தெரியாது" என்று எழுதிவிட்டேன். கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் எழுதியிருப்பேனோ என்னவோ. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்படி எழுதினால்தான் எங்கே பிசகினேன் என்று எனக்கே புரியும்.

ஒதியம்பட்டில் எங்கள் மாலை வகுப்புக்கு வில்லியனூர் படிப்பகத்திலிருந்து மாதம் ஒரு பெட்டி புத்தகம் வருகிறது. பாதி நாவல், பாதி படக்கதை. வருகிற சனிக்கிழமை பெட்டி திரும்பிப் போகும். அடுத்த பெட்டியில் எது வேண்டும் என்று அப்போது எழுதிக் கொடுக்க வேண்டும். அல்போன்ஸ் சார் பகலில் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சாயங்காலம் சைக்கிளில் வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறார். இனிமேல் படக்கதையே வேண்டாம் என்பது அவர் எண்ணம். "படம் பாத்தே பழகிட்டீங்கன்னா எழுத்துப் பக்கம் தலை வெக்க மாட்டீங்க" என்கிறார். ஆனால் நியாயமானவர். எல்லோருடைய கருத்தையும் எழுதி வாங்கும்படி என்னிடம் சொன்னார். காலையில் பால் சொசைட்டியில் அளவு எழுதுகிறவள் நான். அதனால் இந்த மாதிரி வேலை என்னிடம்தான் வரும்.

முதலில் பச்சையப்பனைக் கேட்டேன். கரும்பு வெட்டிவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர். அவர் நாவல் கட்சி.

"படக்கதையில மூஞ்சிய அவனே வரைஞ்சி குடுத்துடறான். நாவல்ல நாமளே வெச்சிக்கலாம். அந்த அணை கட்டற கதையில மேஸ்திரிக்கு எங்க மாமா மூஞ்சிய வெச்சேன். திட்டறதுகூட அவராட்டமே இருக்குது."

"அப்ப குறையே இல்லயா?"

"இருக்குது, எழுதிக்க. நடுவுல பக்கம் பக்கமா மழ பேயுது. அவ்ளோ மழ இங்க பேஞ்சா ஏரியே ஒடைஞ்சிடும்."

அப்படியே எழுதிக்கொண்டேன். அடுத்து அந்தோணி மேரி, என் பெரியப்பா மகள். பெண்கள் பெஞ்சில் புத்தகத்தைப் பிடிப்பதும் பக்கம் புரட்டுவதும் அவள்தான். படக்கதையை விடாமல் பார்ப்பாள், விடாமல் திட்டுவாள்.

"எந்தப் படக்கதைய எடுத்தாலும் ஒரு பொண்ணக் கட்டிப் போட்டு வெச்சிருக்கானுங்க. இவனுங்க வந்துதான் அவுத்து வுடணுமாம். கயிறு விக்கறவன் எழுதின கதையாட்டம் இருக்குதுடி."

என் கருத்தையும் எழுதப் பார்த்தேன். நாவல் என்று எழுதி அடித்தேன். இரண்டும் என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில் என் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

பிறகு விஜயகுமாரியைத் தேடிப் போனேன். வகுப்பறை வாசற்படியில் தனியாக உட்கார்ந்து, முத்துக்குளிக்கும் தீவுக் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது. கடல் மேலே, வானம் கீழே. படகு கவிழ்ந்தாற்போல் தொங்கியது. அவளோ ஒரு பக்கம் முடிந்ததும் நிதானமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. கேட்டால் அவள் அவமானப்படுவாள் என்று நினைத்துத் திரும்பி வந்து, அந்த வரியை எழுதினேன்.

சார் தாளைப் பார்த்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் லூசி? படக்கதை எல்லாத்தையும் சனிக்கிழமை திருப்பிக் குடுத்துடலாம். அடுத்த பெட்டி மொத்தமும் நாவலா இருக்கட்டும்."

பச்சையப்பனும் அந்தோணி மேரியும் சொன்னதையெல்லாம் விட, நான் கேட்காமல் எழுதிய ஒரு வரிதான் சாருக்குப் போதுமானதாக இருந்தது. விஜயகுமாரி வகுப்புக்கு வருவதே இந்தப் படக்கதைகளுக்காகத்தான். "வயசுப் பொண்ணுக்கு சாயங்காலத்துல இன்னா படிப்பு" என்று அவள் அப்பா ஏற்கெனவே முணுமுணுக்கிறார். படக்கதை போனால் அவளும் நின்றுவிடுவாள். சாரிடம் நாளை பேச வேண்டும். என்னவென்று பேசுவது? அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது உண்மையானால் சார் சொல்வதும் சரிதானே?

11 பிப்ரவரி, புதன்

பேச வேண்டியதை மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் பயன்படவில்லை.

பாடம் முடிந்ததும் சார் முடிவைச் சொன்னார். பச்சையப்பன் தலையாட்டினார். நான் எழுந்து நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணி மேரி தீவுக் கதையைத் தூக்கிக் காட்டி, மேசையில் விரித்தாள்.

"போவட்டும் சார். இதப் பாருங்க, இதுலயும் அதே கூத்து. முத்துக்குளிக்கற பொண்ணப் பாறையில கட்டி வெச்சிருக்கான். எவனோ ஒரு வில்லன்."

மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த விஜயகுமாரி, "வில்லன் இல்லக்கா" என்றாள்.

"பின்ன?"

"அவள யாரும் கட்டல. அவளே கட்டிக்கினா. அண்ணன் தண்ணிக்குள்ள முங்கியிருக்கான். அவன் வர்ற வரைக்கும் அலை தன்ன இஸ்துக்கினு போயிடக் கூடாதுன்னு."

அந்தோணி மேரி சிரித்தாள். "புஸ்தகத்தத் தலகீழாப் புடிச்சிக்கினு நீயா ஒரு கதை வுடற பாரு!"

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் இருந்தேனா என்று இப்போது நினைவில்லை. விஜயகுமாரியின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் எழுந்து போகவில்லை. மேசை மேல் அந்தோணி மேரிக்கு நேராக விரிந்திருந்த புத்தகத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்தபடியே விரலை வைத்தாள். படத்துக்கு மேலே இருந்த சின்னக் கட்டம். அந்தப் பக்கத்தில் அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது அதுதான்.

"'அண்ணன் திரும்பும்வரை இந்தப் பாறையை விடமாட்டேன் என்று சொல்லி, கயிற்றைத் தன் இடுப்பில் தானே இறுக்கிக்கொண்டாள்'" என்று படித்தாள். தடங்கல் இல்லாமல், பேசுவது போலப் படித்தாள்.

அந்தோணி மேரி குனிந்து பார்த்தாள். நானும் போய்ப் பார்த்தேன். அதே வரி, அதே சொற்கள்.

சார் மெதுவாகக் கேட்டார். "இன்னாம்மா இது? தலகீழா எப்படிப் படிக்கற?"

"எனக்கு அப்படித்தான் சார் ஓடுது. மாடு கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வர்றதுக்குள்ள பெஞ்சு நெறைஞ்சிடுது. நான் எப்பவும் இங்கதான் குந்தறன். பொஸ்தகம் அக்கா பக்கம்தான் நேரா இருக்கும்."

"அப்ப போர்டுல எழுதறது?"

"அது எழுத்தெழுத்தாக் கூட்டணும் சார். ரெண்டாங்கிளாஸோட நின்னவதான நான்."

சார் பெட்டியிலிருந்து அணை கட்டும் நாவலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதைக் கொஞ்சமும் வெட்கப்படாமல் தலைகீழாகத் திருப்பிக்கொண்டாள். நடுவில் ஒரு பக்கத்தைப் படித்தாள். சில சொற்களில் நின்றாள், திரும்பப் படித்துச் சரிசெய்தாள். கதையில் மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். மறுபடியும் மழை.

"நான்தான் சொன்னேனே" என்றார் பச்சையப்பன்.

சார் சிரிக்கவில்லை. புத்தகத்தை நேராக வைத்தார். விஜயகுமாரி திணறினாள். ஒரு வரியை முடிப்பதற்குள் அவளுக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

"பாத்தியா? ஊர் உலகத்துல எல்லாம் நேராத்தான் எழுதியிருக்கும். பழகணும் இல்ல?" என்றார் சார்.

"பழகறன் சார். இந்தத் தீவுக் கதையிலயே பழகறன். இதுல இன்னா எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். அதனால நேரா வெச்சாலும் புடிபடும். நீங்க இத அனுப்பிட்டீங்கன்னா எதுல பழகறது?"

சார் எங்கள் பெஞ்சைப் பார்த்தார்.

"அந்த மேல் கட்டத்துல இருந்தத உங்கள்ல யாரு படிச்சீங்க?"

ஒருவரும் படித்திருக்கவில்லை. அந்தக் கதையை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்றுதான் எழுத முடியும். பாறை தெரிந்தது, கயிறு தெரிந்தது. கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். நான்தான் எழுத்துத் தெரிந்தவள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சார், அந்தத் தாள்ல ஒரு வரி தப்பு. அவளக் கேக்காம எழுதிட்டேன். இப்பக் கேக்கறேன்" என்றேன். எல்லோர் முன்னிலும் விஜயகுமாரியிடம், படக்கதை வேண்டுமா நாவல் வேண்டுமா என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"படக்கதை வேணும். ஆனா அது பொசுக்குன்னு முடிஞ்சிடுதுக்கா. அண்ணன் மேல வந்துட்டான், கயித்த அவுத்துட்டா, அப்பறம் இன்னா ஆனா? ஊட்டுக்குப் போயி அம்மாகிட்ட இன்னா சொன்னா? ஒண்ணுமே இல்ல. நாவல்னா அதெல்லாம் எழுதியிருப்பாங்க இல்ல? அதனால அதுவும் வேணும்."

"மழயும் சேத்துதான் வரும், பரவால்லயா?" என்றார் பச்சையப்பன்.

"பேயட்டும்ண்ணா. நமக்கின்னா, அதுல எறங்கி நடவு வெக்கப் போறோமா?"

இந்த முறை சாரும் சிரித்தார். பிறகு, "சரி, பாதிப் பாதியே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இனிமே படக்கதைய யாரு புடிச்சாலும் கட்டத்துல இருக்கற எழுத்தெல்லாம் வாய்விட்டுப் படிச்சிட்டுத்தான் பக்கம் புரட்டணும். தீவுக் கதை இன்னொரு மாசம் இங்கயே இருக்கட்டும்னு நான் போய்ச் சொல்றன்" என்றார்.

வெளியே வரும்போது அந்தோணி மேரி விஜயகுமாரியின் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "நாளைக்கு என் எடத்துல நீ குந்துடி. நான் முக்காலிக்குப் போறன். அங்கேர்ந்து எப்படித்தான் தெரியுதுன்னு பாத்துடறன்."

"மொதல்ல தல சுத்தும்க்கா. அப்பறம் சரியாப் போயிடும்."

சார் முடிவை மாற்றியதில் என் பங்கு ஒன்றும் இல்லை. அவளே பேசினாள், அவளே படித்தாள். ஆனால் கேட்க வேண்டியதைக் கடைசியிலாவது கேட்டுவிட்டேன். அதை மட்டும் எனக்காக எழுதிக்கொள்கிறேன். என் பெயருக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. தீவுக் கதையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.

நாளை செய்ய வேண்டியது: காலையில் சொசைட்டி வேலை முடிந்ததும் படிப்பகத்துக்குத் தாளைப் புதிதாக எழுத வேண்டும். விஜயகுமாரி சொன்னதை அவள் சொன்னபடியே எழுத வேண்டும். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், கன்றைப் பிடித்துக்கொண்டு, கறவை சீக்கிரம் முடிய உதவி செய்து, பெஞ்சு நிறைவதற்குள் அவளை வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டும்.