கிழக்குக் காற்று கொண்டுபோன கூப்பாடு

லண்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப்போகிறது என்று வாக்கு எண்ணி முடித்த வெள்ளிக்கிழமை காலை, ஜிப்ரால்டர் எல்லை வேலியிலிருந்து 1969-ஆம் வருடத்துக் கூப்பாடுகள் வெளியே வரத் தொடங்கின. அன்று கிழக்குக் காற்று. அந்தக் காற்றடித்தால் வழக்கம்போல், ஊருக்கு மேலே நிற்கும் பாறையின் உச்சியில் மேகம் குந்தியிருந்தது. சந்தையில் நெத்திலி கிலோ நான்கு பவுன். ஸ்பெயின் பக்கத்து லா லீனியாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் வரிசையில் நின்றபோது, கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல், "செருப்புக்கடை மெரீனோ வீட்டுக்கு! உங்க பெபாவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. மூணே முக்கால் கிலோ. தாயும் புள்ளையும் சௌக்கியம்" என்றது. அந்த மூணே முக்கால் கிலோ ஆம்பளப் பிள்ளை, லியோனெல் பிட்டோ, நாற்பத்தேழு வயதில் எல்லை அதிகாரியாக அதே வாசலில் கடவுச்சீட்டு பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி முழுதும் கேட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குரல் அடெலா பாலியெட்டோவுடையது. அதைச் சொல்ல ஊரில் யாருக்கும் இரண்டாவது சொல் தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் பொதுச்சந்தை வாசலில், கொண்டைக்கடலை மாவில் சுட்ட கலெந்தீட்டாவைத் தட்டோடு வைத்து விற்றவள் அவள். "சூடா இருக்கு" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால், துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்களில் மாலுமிகளுக்குப் பசி எடுக்கும். பிரிட்டன் கையிலிருக்கும் பாறை எங்களுடையது என்று இருநூற்றைம்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஸ்பெயினின் மத்ரித் அரசு, 1969 ஜூனில் எல்லை வாசலைப் பூட்டியது. பிறகு தொலைபேசிக் கம்பியையும் துண்டித்தது. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரையின் தாஞ்சியருக்குப் போய், அங்கிருந்து வேறு கப்பலில் திரும்பி வர வேண்டும். அம்மா இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம் என்று பாதி ஊர் பிரிந்து நின்றது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஜனங்கள் இரு பக்கமும் வேலியோரம் கூடி, நடுவில் கிடந்த மணல்வெளிக்கு மேலே கத்திப் பேசினார்கள். தொண்டை இல்லாதவர்களுக்காக அடெலா கத்தினாள். என்ன தொண்டை அது! இருபத்திரண்டு வயதுப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது குடும்பத்துச் சேதி. முதலில் தொழில், பிறகு குடும்பப் பெயர், பிறகு நல்லது, கடைசியில் கெட்டது. எதையும் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள், எந்த வீட்டு ரகசியத்தையும் சந்தைக்குக் கொண்டுபோகமாட்டாள். அவள் வைத்திருந்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் கெட்ட சேதி கத்தக் கூடாது. அந்தக் காற்று வார்த்தையைப் பக்கவாட்டில் தூக்கி விரிகுடாவில் போட்டுவிடும். எந்த வீட்டுச் சாவும் பாதியாகப் போய்ச் சேரக் கூடாது என்பதில் அவள் அத்தனை கண்டிப்பு.

அந்தக் கட்டுப்பாட்டை அவள் ஒரு தடவைதான் மீறினாள், அதுவும் தன் சொந்த வீட்டுக்கு. அக்கா ரொசாரியோ லா லீனியாவில் அத்துனாரா குப்பத்து மீனவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். 1971 நவம்பரில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வைத்தியர் நான்கு நாள் தவணை சொன்னார். வெளியே கிழக்குக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. காற்று நிற்கும்வரை காத்திருந்தால் அம்மா இருக்கமாட்டாள். அடெலா வேலிக்கு ஓடி, அந்தப் பக்கம் நின்ற ரொசாரியோவைப் பார்த்து, அதுவரை யாருக்காகவும் கத்தாத கத்து கத்தினாள். ரொசாரியோ கையைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு, "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று பதிலுக்குக் கத்தி, கையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா ஐந்தாம் நாள் இறந்தாள். அடெலாவின் குரல் அன்றோடு உள்ளே போய்விட்டது. அதன் பிறகு கலெந்தீட்டாவை ஒரு கைமணியை ஆட்டித்தான் விற்றாள். பக்கத்தில் காதை வைத்தால்தான் அவள் விலை சொல்வது கேட்கும்.

பூட்டிப் பதின்மூன்று வருடம் கழித்து வாசல் திறந்த அன்று ஊரே அழுது, கட்டிப்பிடித்து, மாலையில் பக்கம் மாறிச் சாப்பிட்டது. அன்று அடெலா இந்தப் பக்கத்துக் கதவோரம் காலையிலிருந்து நின்றாள், அக்காதான் முதலில் வரணும் என்று. ரொசாரியோ அந்தப் பக்கத்துக் கதவோரம் காலையிலிருந்து நின்றாள், தங்கச்சிதான் முதலில் வரணும் என்று. பொழுது சாய்ந்ததும் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். பத்து நிமிட நடை. அதை நடக்காமல் இன்னும் நாற்பது வருடம் ஓட்டினார்கள். வீம்புக்கும் ஒரு தெம்பு வேண்டும். பாலியெட்டோ வீட்டுப் பெண்களிடம் அது ஏராளமாக இருந்தது.

இப்படியிருக்கையில்தான் வேலி பேசத் தொடங்கியது. எங்கள் பாறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்திருந்தார்கள். ஆனாலும் லண்டனோடு சேர்ந்து நாங்களும் வெளியே போக வேண்டியதாயிற்று. மறுபடி வாசலைப் பூட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் ஜனங்கள் இருந்ததால், பழைய சத்தத்தைக் கேட்டு யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் மட்டும், கத்தப்பட்ட வரிசை பிசகாமல், காற்று தின்றுபோன கூப்பாடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அதிகாரிகளுக்குத்தான் தலைவலி. வேலி நிற்கும் மணல் யாருடையது என்பதே வழக்கு. 1713-ஆம் வருடத்து ஒப்பந்தத்தில் பாறையைத்தான் கொடுத்தோம், இந்த மணலைக் கொடுக்கவேயில்லை என்பது மத்ரித்தின் கட்சி; இத்தனை காலம் கையில் இருக்கிறதே என்பது லண்டனின் கட்சி. அப்படியானால் மணலுக்கு மேலே தொங்கும் வார்த்தை யாருடையது? விலகும் நாட்டிலிருந்து ஒன்றியத்துக்குள் நுழையும் சரக்கு என்றால் பிறப்பிடச் சான்று வேண்டும் அல்லவா? இரண்டு பக்கத்து வக்கீல்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். படிவத்தில் 'கெட்டுப்போகும் பொருளா' என்றொரு கட்டம் இருந்தது. நெடுநேரம் யோசித்து, 'இதுவரை கெடவில்லை' என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். இத்தனை வருடப் பேச்சுவார்த்தையில் இரண்டு தரப்பும் உடனே ஒத்துக்கொண்ட வரி அது ஒன்றுதான்.

அடெலா முதலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் இளமைக் குரல் தெருவில் அலைவதைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்குச் சமைத்துப்போட, துணிமணி பார்க்க, லா லீனியாவிலிருந்து தினமும் இன்மா என்ற பெண் வந்துபோனாள். கெட்டிக்காரி, வாயாடி. எல்லையில் என்ன நடந்தாலும் தன் வேலைக்கு ஆபத்து என்ற கவலையில் செய்தியெல்லாம் படித்து வைத்திருந்தாள். அவள்தான் ஒரு நாள் கேரட் சீவிக்கொண்டே, அத்துனாராவில் ரொசாரியோவைப் பார்த்ததாகவும், கிழவி தங்கையைப் பற்றிக் கொட்டித் தீர்த்ததாகவும் சொன்னாள்.

"அப்படி என்ன சொன்னா?" என்று அடெலா கிசுகிசுத்தாள்.

"திட்டினாங்க பெரியம்மா. 'என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, நானும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். பேருக்கு மேல ஒரு வார்த்தை வரல. சும்மா என்னைப் பார்க்கத்தான் கூப்பிட்டாளாக்கும்னு, நல்லா இருக்கோம்னு சொல்லிட்டு வந்தேன். எட்டு நாள் கழிச்சு மீன்காரன் சொல்றான், உங்கம்மா செத்துட்டாங்கன்னு. ஊர்ச் சேதியெல்லாம் கத்துனவளுக்கு, பெத்தவ சேதியைச் சொல்ல வாய் வரலியா?' அப்படின்னாங்க."

அடெலா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நல்லா இருக்கோம் என்று கையாட்டிப் போனவள் என்றல்லவா ஐம்பது வருடம் அக்காவை மனசுக்குள் வறுத்திருந்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு வரும்படி இன்மாவை அனுப்பினாள். ரொசாரியோ கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு, "இப்ப ஆயிரம் சொல்லலாம்டி" என்று சாத்திக்கொண்டாள்.

ஆக, அந்தக் கூப்பாடு இன்னும் வேலியில்தான் இருக்கிறது. அது வந்தால்தான் அக்கா நம்புவாள். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டாள். அன்றிலிருந்து அடெலா ஒரு நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, காற்றடிக்கும் நாளெல்லாம் இன்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வேலிக்குப் போய், எந்த மாதத்துச் சேதி வந்திருக்கிறது என்று கேட்டுக் குறித்தாள். கல்யாணங்கள், பல் முளைத்த பிள்ளைகள், விற்றுப்போன படகு, காணாமல்போன நாய். மெதுவாக, மிக மெதுவாக, 1971 ஆவணி வரை வந்து சேர்ந்தபோது, லண்டனும் மத்ரித்தும் பிரசல்ஸும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. மணல் யாருடையது என்ற வழக்கு அப்படியே கிடக்கட்டும், வேலியை மட்டும் பிடுங்கிவிடலாம் என்பது முடிவு. ஊர் கொண்டாடியது. இன்மா சந்தோஷத்தில் அடுப்பங்கரையிலேயே ஒரு ஆட்டம் போட்டாள். பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கம்பியை வெட்டும் வேலை ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. அதற்கு முந்தைய மூன்று வாரமும் மேற்குக் காற்றுதான். பாறை உச்சி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அடெலா காலையில் எழுந்ததும் உச்சியைப் பார்ப்பாள், நாட்காட்டியைப் பார்ப்பாள். சங்கதி ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், இன்மாவுக்கு வாய் இருந்தது என்பதுதான் பதில். சனிக்கிழமை காலை, கடைசிச் சனிக்கிழமை, உச்சியில் மேகம் வந்து குந்தியது.

அன்று எங்கள் ஜனங்கள் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. யாரும் உத்தரவு போடவில்லை. வரிசையில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்தன. மோட்டார் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். எல்லையோரத்து விமான ஓடுபாதையில் இறங்க வேண்டிய விமானம், கீழேயிருந்து சேதி போனதும், கடலுக்கு மேலே பெரிதாக ஒரு சுற்று சுற்றப் போய்விட்டது. அந்தப் பக்கம் லா லீனியாவில் மீன்கடைகளின் ஐஸ் பெட்டிகளைக்கூட மெதுவாக இறக்கினார்கள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசிச் சேதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. சம்பந்தப்பட்டவர்கள் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். பதினொன்றரை மணிக்கு ஒரு நொடி எதுவுமே இல்லை. பிறகு அந்தக் குரல் வந்தது.

"ரொசாரியோ! அக்கா! அம்மாவுக்கு ரொம்ப முடியல. உன்னைத்தான் கேக்குறா. தாஞ்சியர் வழியா வா. கப்பலைப் பிடிச்சு வா. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், நீ வர்ற வரைக்கும் போகவிடமாட்டேன்."

மணல்வெளியைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி, முக்கால் கிலோமீட்டர் தள்ளி அத்துனாராவில் ரொசாரியோவின் அடுப்பங்கரை வரைக்கும் அது போயிற்று. அவள் அப்போது மட்டி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள், கையைத் துடைத்தாள் என்று அடுத்த வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை.

அடெலா எல்லை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிட நடை. அக்காவின் எண்பத்துமூன்று வயதுக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டாலும் வந்துவிட வேண்டும். சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் லியோனெல் பிட்டோ காபி வாங்கிக் கொடுத்து, வருவாங்க என்றார், வரவில்லை. திங்கட்கிழமை அவள் கண்ணெதிரே கம்பியை வெட்டத் தொடங்கினார்கள். இன்மா போய்ப் பார்த்துவிட்டு, வீடு பூட்டிக்கிடக்கிறது என்றாள். கேட்டும் வராமல் எங்கோ போய்விட்டாள் என்று அடெலாவுக்குத் தோன்றியது. ஐம்பது வருடத்தில் முதல்முறையாக அவள் எல்லோர் முன்னாலும் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை காலை, தாஞ்சியரிலிருந்து ஆரஞ்சும் கொத்தமல்லியும் ஏற்றி வந்த சிறு படகு ஒன்று எங்கள் துறைமுகத்தில் கட்டியது. அதிலிருந்து கறுப்பு உடுப்பும் அட்டைப்பெட்டியுமாக ரொசாரியோ இறங்கினாள். சனிக்கிழமையே பேருந்து பிடித்து அல்ஹெசிராஸ் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கடலைத் தாண்டித் தாஞ்சியர் போய், ஆள் ஏற்றும் கப்பல் இந்தப் பக்கம் இல்லை என்றதும் காய்கறிப் படகுக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு கண்டம் சுற்றி, பத்து நிமிட நடைத் தூரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஆள் இறங்கியிருக்கிறாள் என்றதும் லியோனெல் பிட்டோ வாசல் வேலையை விட்டுவிட்டு முத்திரைப் பெட்டியோடு ஓடினார். இன்மா அடெலாவை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். படிவத்தில் வருகைக்கான காரணம் என்ற இடத்தில் கிழவி எழுதியிருந்தாள்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிட்டோ அதைப் படித்தார். முத்திரையின் தேதிச் சக்கரத்தை விரலால் உருட்டி உருட்டி, 1971 நவம்பருக்குக் கொண்டுபோய் வைத்து, அழுத்தமாக ஒரு குத்து குத்தினார்.

அக்காவும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள்.

"ஏன்க்கா, நடந்தே வந்திருக்கலாமே" என்றாள் அடெலா. அவள் குரல் துறைமுகம் முழுக்கக் கேட்டது. மூன்றாம் படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதானடி தாஞ்சியர் வழியா வரச் சொன்ன" என்றாள் ரொசாரியோ. "கத்தாத. நான் ஒண்ணும் செவிடு இல்ல. அம்மா எங்க?"

அம்மா இருந்தது ஓடுபாதைக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அட்டைப்பெட்டியில் ரொசாரியோ அம்மாவுக்காகக் கொண்டுவந்த கோழிச்சாறு இன்னும் சூடாக இருந்தது. அதைக் கல்லறையோரம் உட்கார்ந்து மகள்கள் இருவரும் குடித்தார்கள். சாயங்காலம், வேலி இருந்த இடத்தைத் தாண்டி, ரொசாரியோ பத்து நிமிடத்தில் வீட்டுக்கு நடந்து போனாள். மறுநாள் பழையபடி கலெந்தீட்டாத் தட்டோடு சந்தை வாசலுக்குப் போன அடெலா, கைமணியை ஒரு பையனிடம் விளையாடக் கொடுத்துவிட்டு, சூடா இருக்கு என்று ஒரு சத்தம் கொடுத்தாள். அத்துனாராவில் ரொசாரியோ தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.