ஏலக்காய்க் காட்டில் மூன்று "ஆம்"

ஏலக்காய்க்கு நேரே கணினி காட்டிய எண் 18.3. அதன் பிழை மூவாயிரத்து அறுநூறு. ஒரு ஆளின் உயரம் ஐந்தரை அடி, ஆனால் ஒரு மைல் கூடக்குறைய இருக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை என்ன செய்வோம்? லெப்டொப்பை மூடித் திறந்தேன். அதே எண். இது பதினோராவது தடவை.

என் ஆய்வு ஒரு தவளையைப் பற்றியது. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களின் ஓடையோரமாக இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதியிருந்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நில வகை: தேயிலை, பைன், வீட்டுத்தோட்டம், புல்வெளி, ஏலக்காய். எந்த நிலம் தவளைக்கு உகந்தது என்பதை லொஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கு, தேயிலையோடு ஒப்பிட்டு, சொல்ல வேண்டும். ஆனால் ஏலக்காயில் இருந்தது மூன்றே இடங்கள், மூன்றிலும் தவளை. ஒரு "இல்லை" கூட இல்லாவிட்டால் அந்த மொடலுக்குக் கடிவாளம் கிடையாது. எண்ணை ஏற்றிக்கொண்டே போய், களைத்த இடத்தில் நிற்கும்.

ஏலக்காய் நிழல்தான் இந்தத் தவளையைக் காப்பாற்றுகிறது என்பது என் ஆய்வேட்டின் ஒரே முடிவு. அது போனால், இரண்டு வருடமாக அட்டைகளுக்குக் கொடுத்த இரத்தம் வீண்.

மேற்பார்வையாளர் சஞ்சீவனி மிஸ் முதலில் ஏலக்காய், பைன், புல்வெளி மூன்றையும் "ஏனையவை" என்று ஒன்றாகப் போடச் சொன்னார். பைன் காட்டுப் பக்கம் இந்தத் தவளை தலைவைத்தும் படுக்காது. அதோடு சேர்த்தால் என் ஏலக்காய் கரைந்துவிடும். மாட்டேன் என்றேன். எண் தறிகெட்டு ஓடாமல் தண்டம் போட்டு அடக்குகிற முறை ஒன்று உண்டு. அதையும் செய்து காட்டினேன். மூன்று இடத்தை எந்த முறையும் முப்பதாக்காது, போய் இன்னும் இடம் தேடு என்றார். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மற்ற இடங்களை வரைபடத்தில் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தேன். சின்னச் சின்ன ஏலக்காய்த் துண்டுகள் வரைபடத்தில் இல்லாததால், அவற்றை மட்டும் நிரோஷன் அண்ணன்தான் காட்டினார். பெரியம்மா மகன். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. அவர் கால் படாத ஓடை இல்லை. பஸ் ஏறிப் போய், வேறு ஏலக்காய்க் காடு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கே. இன்னும் ஒம்போது எடம்."

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அங்கல்லாம் தவளை இல்லையே, சிந்து. நீ கண்டியில இருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற. ஒண்ணுமில்லாத எடத்துக்கா கூட்டிட்டுப் போறது? நான் மொத நாளே போய்ப் பாத்து வச்சிருவேன்."

வீட்டுக்கு வந்தவர்களுக்குக் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து வைப்பதைப் போல, எனக்குத் தவளை உள்ள இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். கத்த வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது?

மூன்று நாள் நடந்தோம். எட்டு இடத்தில் தவளை இல்லை, ஒன்றில் இருந்தது. ஒவ்வொரு "இல்லை" எழுதும்போதும் அண்ணன் தன் தப்புப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டிக்கு வந்து மொடலை ஓட்டினேன். முதல் தடவையிலேயே ஒழுங்காக ஓடியது. ஏலக்காய் 0.05, பிழை அதைவிடப் பெரிது, 0.64. தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல இனி ஒன்றுமில்லை. இப்போதுதான் எண் எண்ணாக இருக்கிறது என்று மிஸ் சந்தோஷப்பட்டார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து, முடிவு அத்தியாயத்தை அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் போன் பண்ணினார். குரலில் அப்படியொரு உற்சாகம். விடியக் கிளம்பிப் பக்கத்துத் தோட்டம் முழுக்கச் சுற்றி, தவளை உள்ள ஏலக்காய்க் காடு இரண்டைக் கண்டுபிடித்திருக்கிறாராம். உடனே கிளம்பி வரச் சொன்னார்.

இல்லாத இடம் எத்தனை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அதையெல்லாம் யாரு எண்ணுவா?"

"நான்தான் எண்ணணும், அண்ணே," என்றேன்.