ஊசி சொன்னதில் பாதி

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? 1987இல் பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் கூட்டாளியிடம் மார்தட்டிக்கொண்டிருந்தான்: “பெங்களூர்ல ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பாத்தாங்கடா. ஆம்பள சத்து சும்மா எகிறிடுச்சாம். புள்ள இல்லாத கொற அவகிட்டதான். எனக்கு ரெண்டாங் கல்யாணம்.”

என்ன ஊசி என்று பிறகு விசாரித்தேன். அவன் பாதியைத்தான் சொல்லியிருந்தான். அவனுக்குத் தீர்த்தகிரி என்று பெயர் வைத்தேன், அவன் மனைவிக்கு வெங்கடம்மா. அவளை நான் பார்த்ததே இல்லை.

2

‘கிரானைட் குவாரியின் மேல் சூரியன் மெல்ல...’

சீ! சூரியனா இப்போது முக்கியம்? (அடித்துவிட்டேன்.)

வெங்கடம்மாவுக்கு அந்தப் பெங்களூர் ஆஸ்பத்திரி அறை நன்றாக நினைவிருக்கிறது. மாமியார் மாரம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள்; உள்ளே புருஷனும் அவளும் மட்டும். டாக்டர் சௌந்தரராஜன் தீர்த்தகிரியிடம் நிதானமாகச் சொன்னார்:

“இடுப்பு வலிக்குன்னு குவாரி கம்பவுண்டர் வருஷக்கணக்கா போட்டாரே, அது அபின் வகை மருந்து. விரையை வேலை செய்ய வைக்கிற சுரப்பு மூளைப் பக்கமிருந்து வரணும். அதை அந்த மருந்து அமுக்கி வெச்சிருந்தது. நாங்க போட்டது அந்தப் பிடியை விலக்குற ஊசி. விலகினதும் சுரப்பு ஏறிடுச்சு. பழைய ஊசியை விட்டாத்தான் குழந்தைக்கு வழி. உங்க சம்சாரத்துகிட்ட குறை ஒண்ணும் இல்லை.”

[விடுவது லேசில்லை. கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றைப் பிசையும் வலி. அதோடு பழைய இடுப்பு வலியும் திரும்பும், குவாரியில் கல்லும் தூக்க வேண்டும். இதை எழுதும்போது அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. மேலே படியுங்கள், போய்விடும்.]

3

வீடு வந்ததும் தீர்த்தகிரி, “எனக்குச் சத்து நல்லாவே எகிறுதாம்மா,” என்றான். மீதியை விழுங்கிவிட்டான், படுபாவி. மறுநாளே கம்பவுண்டரிடம் போய்ப் பழைய ஊசியைப் போட்டுக்கொண்டான்.

“அத்தே, அந்த ஊசியாலதான்னு டாக்டரு சொன்னாரு. எங்கிட்ட கொற இல்லியாம்.”

“வாய மூடுடி! எம்மவன் ரத்தத்த மிசின்லியே பாத்துட்டாங்க. ரெண்டாந் தாரத்துக்கு வெளியாளு எதுக்கு, ஒந் தங்கச்சியே வரட்டும்.”

மூத்தவளுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் தங்கையையே கேட்பது அங்கே வழக்கம். வெங்கடம்மா புருஷனைக் குழாயடியில் மடக்கினாள்.

“மாமா, நீ ஊசிய விடற வரிக்கும் எந் தங்கச்சி நாராயணம்மாவுக்கும் பொறக்காது. அவ வாழ்க்கயும் பாழாப் போவணுமா? டாக்டரு சொன்னத நீயுந்தான கேட்ட!”

“ஆம்பள நானு, சபையில எப்பிடிடி சொல்றது?”

4

முடிவு ஒன்று: வெங்கடம்மா அவனைச் சபை நடுவே பளாரென்று அறைகிறாள். எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: கெலவரப்பள்ளிக்கு, பிறந்த வீட்டுக்கு, பஸ் ஏறி... எங்கே ஏறுவாள்? அந்த வீட்டிலிருந்துதானே வெற்றிலை பாக்கு மாற்ற வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி. தட்டு நடுவில் இருக்கிறது. அவள் அப்பா திம்மப்பன் அதைத் தொடாமல் கேட்கிறார்: “மாப்ள, சின்னவளயும் ஒனக்கே குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. பெரியவகிட்ட கொறன்னு டாக்டரு சொன்னாரா?”

கதவோரத்திலிருந்து வெங்கடம்மா அவன் வாயையே பார்க்கிறாள். எத்தனை முறை சொல்லியும் அவள் பேச்சு சபையில் ஏறவில்லை. அவன் ‘இல்ல’ என்றால் போதும், இரண்டு பெண்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன். எழுதினால் அவன் யோக்கியனாகிவிடுவான்; அந்தப் பெருமையை அவனுக்கு நான் தருவதாக இல்லை. இதைப் படிக்கிற ஆண்பிள்ளையே, அவன் எழுந்துவிட்டான். நீங்கள் வந்து அவன் இடத்தில் உட்காருங்கள். மாமனார் கேட்கிறார், சொல்லுங்கள்.